பழைய சீட்டும் ராத்திரி மாத்திரையும்

“தம்பி, நம்ம ராத்திரி மாத்திரை மூணு அட்டை குடுங்க.”

பென்ஷன் போட்ட மறுநாள் என் மருந்துக்கடைக்கு வரும் பெரியவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மட்டும் பெயர் வராது. பக்கத்தில் பெண்கள் நின்றால் குரல் இன்னும் தாழும். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுவார்கள். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய சீட்டு. தேதியைப் பார்த்தால் ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டர் ஊரை விட்டே போயிருப்பார். சிலரிடம் சீட்டும் இருக்காது. காலி அட்டையில் கத்தரித்த ஒரு துண்டு இருக்கும். அதைப் பார்த்து எடுத்துக் கொடுப்போம். இருபத்தாறு வருடம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்ற நானும் கொடுத்திருக்கிறேன்.

புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரையைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. “அதென்ன இருதய மாத்திரையா? ஒண்ணுக்கு சரியாப் போறதுக்கு ஒரு மாத்திரை. ஒருதரம் எழுதி வாங்கிட்டாப் போதும், காலத்துக்கும் அதையே போட்டுக்கலாம்.” வாக்கிங் போகும் இடத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். தன் மாத்திரையில் இரண்டை எடுத்துக் கொடுத்துப் போட்டுப் பார்க்கவும் சொல்கிறார். படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தலைமையாசிரியர்கள், வங்கி மேலாளர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்கள் எல்லாரும் இதில் ஒரே கட்சி. இந்த எண்ணம் தவறு, ஆபத்தான தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். மாத்திரையின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ராத்திரி ஆறு தடவை எழுந்தவர் இரண்டு தடவையாகக் குறைந்து நிம்மதியாகத் தூங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான். கண்காணிப்பே இல்லாமல் அதை விழுங்குகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பையின் கழுத்துக்குக் கீழே, வாலிபத்தில் ஒரு பெருநெல்லி அளவு, ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். அதன் நடுவே துளைத்துக்கொண்டுதான் சிறுநீர்க்குழாய் போகிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பெருக்கிறது. 60 வயதில் பாதி ஆண்களுக்கும், 80ஐத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் இந்தப் பெருக்கம் இருக்கும். இது புற்றுநோய் கிடையாது. சிறுநீரின் வேகம் குறையும், நின்று நின்று வரும், முடித்த பிறகும் சொட்டும், ராத்திரித் தூக்கம் போகும். பெரும்பாலோருக்கு டாக்டர் முதலில் எழுதுவது டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கேப்சூல். சிலருக்கு அல்ஃபுசோசின், சிலருக்கு சிலோடோசின். மூன்றும் ஒரே குடும்பம்.

ஊரார் வாதத்துக்கு முதல் தூண், “அது அந்த இடத்துக்கு மட்டும் வேலை செய்யும் மாத்திரை” என்பது. அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுரப்பியிலும் மூத்திரப்பையின் கழுத்திலும் இறுகிக் கிடக்கும் தசையை அது தளர்த்துகிறது. தண்ணீர்க் குழாயை மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்துவிட்டது போல ஓட்டம் சீராகிறது. ஆனால் அதே மாதிரித் தசை ரத்தக் குழாய்களின் சுவரிலும் இருக்கிறது. படுத்தவர் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். குழாய்கள் சட்டென்று சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். இந்த மாத்திரை அந்தச் சுருக்கத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரசோசின், டெராசோசின், டாக்சசோசின் எல்லாம் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மருந்துகளாகத்தான் வந்தன. அப்படிப்பட்ட குடும்பத்து மருந்தை, பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் சொல்லாமல், அவர் எழுதிய மூன்று மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குகிறார்கள்.

டாம்சுலோசினைப் புதிதாகத் தொடங்கிய ஏறக்குறைய 3 லட்சம் அமெரிக்க ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு ரத்த அழுத்தம் சரியும் ஆபத்து, தொடங்கிய முதல் நாலு வாரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர்களுக்கும் அதே போலக் கூடியது. இந்த இரண்டாவது செய்தி நமக்கு முக்கியம். கல்யாண வீட்டுக்குப் போனபோது மறந்தேன், கையில் காசில்லை, நல்லாத்தான் இருக்கு என்று விட்டேன் என்று நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

வீட்டமைப்பையும் யோசித்துப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் கக்கூஸ் இன்னும் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, விளக்குப் போடாமல், இரண்டு படி இறங்கி, ஈர சிமெண்டுத் தரையில் நடந்து, குத்தவைத்து, மறுபடி எழ வேண்டும். கண் இருட்டுவதற்கு அதைவிட மோசமான இடம் வேண்டுமா? இடுப்பெலும்பு முறிந்து படுத்த எழுபது வயதுக்காரரைப் பற்றி “பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டார்” என்றுதான் சொல்கிறோம். வழுக்கியதா, தலை சுற்றியதா என்று யாரும் கேட்பதில்லை. எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற எளிய விஷயத்தைக்கூட, மாத்திரை சாப்பிட்ட அத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாப்பாடும் இதில் சேர்த்தி. டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரை மணி நேரம் கழித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் மருந்து ஏறும் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடிவிடும். சஷ்டி, ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருப்பவர் அன்றைக்கும் மாத்திரையை மட்டும் மறக்காமல் தண்ணீரில் விழுங்குகிறார். தொண்டையில் இறங்கவில்லை என்று சிலர் கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கும் மணிகளைத் தூளாக்கிக் குடிக்கிறார்கள். நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மருந்து அது.

கண் விஷயம் இன்னும் பெரிது. கண்புரை அறுவை சிகிச்சையில் கருவிழிக்குள் இருக்கும் பாப்பாவை மருந்து போட்டு விரித்து வைத்துக்கொண்டுதான் டாக்டர் உள்ளே வேலை செய்வார். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, பாப்பாவைச் சுற்றியுள்ள திரை தன் விறைப்பை இழந்து, காற்றில் துணி அலைவது போல அலைகிறது. பாப்பா பாதியில் சுருங்குகிறது. திரை வெட்டுவாய் வழியே வெளியே பிதுங்கவும் செய்கிறது. அமெரிக்காவில் டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் இதற்கும் டாம்சுலோசினுக்கும் உள்ள தொடர்பை 2005இல் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். அறுவைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றும் இல்லை. நிறுத்திப் பல மாதம் ஆனவர்களுக்கும் இது வந்திருக்கிறது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். திரையைப் பிடித்து நிறுத்தக் கொக்கிகளும் வளையங்களும் உண்டு, கண்ணுக்குள் செலுத்தும் மருந்தும் உண்டு. தெரியாமல் போய் நடுவில் சந்திப்பதுதான் கெடுதல்.

1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் கண்புரை அறுவைக்கு உலகமே பெயர் சொல்லும் மாநிலம் நம்முடையது. கிராமத்துக்கே வேன் வந்து பெரியவர்களைக் கூட்டிப்போய் அறுவை செய்து திருப்பி அனுப்புகிறார்கள். கண்புரை வரும் வயதும் புராஸ்டேட் பெருக்கும் வயதும் ஒன்றுதான். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?” என்று அங்கே கேட்கிறார்கள். “சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு” என்று பதில் வருகிறது. ராத்திரி மாத்திரை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. வெட்கம் பாதிக் காரணம். அதை ஒரு மருந்தாகவே நினைக்காதது மீதிப் பாதி.

இரண்டாவது தூண், “அதுதான் நல்லாப் போகுதே, அப்புறம் எதுக்கு டாக்டர்?” என்பது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டாம்சுலோசின் வகை மாத்திரை தசையைத் தளர்த்துகிறதே தவிரச் சுரப்பியைச் சுருக்குவதில்லை. சுரப்பி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 3,047 ஆண்களைச் சராசரி நாலரை வருடம் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டாக்சசோசின் மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது. ஆனால் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வதும் அறுவை சிகிச்சை வரை போவதும் கடைசியில் அவர்களிடம் குறையவில்லை. ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர்களிடமும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடமும்தான் அவை குறைந்தன. மூத்திரப்பையில் மிச்சம் தங்கிக்கொண்டே வந்து, வலியே இல்லாமல், சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களும் “நல்லாத்தான் போகுது” என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள். சுகருக்கு மீட்டர் இருக்கிறது, பிரஷருக்குக் கருவி இருக்கிறது. இதற்கு வீட்டில் அளவுகோல் கிடையாது. சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.

சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள் வேறு ஜாதி. ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம், டுட்டாஸ்டிரைடு 0.5 மில்லிகிராம். இவை ஆண் ஹார்மோனின் வீரியமான வடிவம் உருவாவதைத் தடுக்கின்றன. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டு “ஒண்ணும் கேக்கல” என்று விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். இப்போது டாம்சுலோசினும் டுட்டாஸ்டிரைடும் ஒரே கேப்சூலில் சேர்ந்தே வருவதால், தான் இரண்டாவது மருந்தையும் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது.

தெரியாததால் என்ன நஷ்டம்? புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. இந்த மருந்துகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அந்த எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3.2 என்று இருக்கும். நாலுக்குக் கீழே என்பதால் லேப்காரர் “நார்மல்” என்பார், வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைவார்கள். உண்மையில் அதை 6.4 என்று படிக்க வேண்டும். மருந்து சாப்பிடும்போதே அந்த எண் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கினால், நாலைத் தொடாவிட்டாலும் விசாரிக்க வேண்டும். பழைய சீட்டை நீட்டி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் கணக்கை யார் போட்டுச் சொல்வது?

ஃபினாஸ்டிரைடு பிறந்த கதையும் எச்சரிக்கைதான். டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் பிறவியிலேயே அந்த வீரிய ஹார்மோன் குறைவாக இருந்த ஆண் குழந்தைகள், பிறக்கும்போது பெண் குழந்தை போலவே தோன்றினார்கள். இவர்களைப் பற்றி ஜூலியன் இம்பரேட்டோ மெக்கின்லி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1974இல் எழுதினார். பெரியவர்களான பிறகும் அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்துதான் ஃபினாஸ்டிரைடு வந்தது, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்படியானால் கருவில் ஆண் குழந்தையைச் சுமக்கும் பெண் இந்த மருந்தைத் தொடலாமா? உடையாத, மேல்பூச்சுள்ள ஃபினாஸ்டிரைடு மாத்திரையால் பயமில்லை. உடைத்ததையும் தூளாக்கியதையும் தொடக் கூடாது. டுட்டாஸ்டிரைடு கேப்சூல் கசியக்கூடியது, தோல் வழியாகவே உள்ளே போகக்கூடியது; கர்ப்பிணிகள் அதைக் கையாளவே வேண்டாம். நம் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள்தான் அப்பாவுக்கு மாத்திரை பிரித்துக் கொடுப்பாள். அப்பாவின் 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டி, முடி கொட்டுகிறது என்று மகன் சாப்பிடும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். முடிக்கு எழுதுவதும் இதே மருந்துதான், 1 மில்லிகிராம். வெட்டிய தூள் மேஜையில் கிடக்கும், மேஜையைத் துடைப்பவள் மருமகள். டுட்டாஸ்டிரைடு சாப்பிடுகிறவர் ரத்ததானம் செய்ய வேண்டுமானால் நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். இந்த மாத்திரைகளில் சில தாம்பத்தியத்தைத் தொடும். ஃபினாஸ்டிரைடு வகையில் ஆசை குறையலாம், விறைப்பு குறையலாம். சிலோடோசினில் விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போய்விடுவது பலருக்கு நேரும். முன்பே சொன்னால் பயப்பட மாட்டார்கள். சொல்லாததால், தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மருகி, யாரிடமும் கேட்க முடியாமல் மாத்திரையை நிறுத்தி, அடைத்துக்கொண்ட பிறகு வருகிறார்கள். அல்லது கடையில் ரகசியமாக வேறொரு மாத்திரை கேட்கிறார்கள். சில்டெனாஃபில் வகை மாத்திரை டாம்சுலோசினோடு சேர்ந்தால் பிரஷர் திடுமென்று இறங்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் சில்டெனாஃபில் வகையைத் தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. புராஸ்டேட்டுக்கே தினசரி எழுதப்படும் டடாலஃபில் 5 மில்லிகிராமுக்கும் இந்த விதி பொருந்தும்.

மூன்றாவது தூண், “மத்த மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை” என்பது. அது என் கடையிலேயே இடிந்து விழப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வாத்தியார்களைச் சார்வாள் என்போம். ஒரு சார்வாள், எழுபத்திரண்டு வயது, நாலு வருடமாக என்னிடம் ராத்திரி மாத்திரை வாங்குகிறவர். மார்கழிப் பனியில் சளி பிடித்து வந்தார். “மூக்கு ஒழுகுது தம்பி, தலை பாரமா இருக்கு, ஏதாவது குடுங்க” என்றார். எல்லாருக்கும் கொடுக்கும் சளி மாத்திரையைக் கொடுத்தேன், மூன்று நாளைக்கு ஒன்பது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, வலியில் அவர் தரையில் புரண்டதாக மகன் சொன்னான். விடியற்காலை ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். ஒன்றேகால் லிட்டர் வெளியே வந்தது.

சளி மாத்திரையில் இருந்தவை பாரசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைப் போக்க ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதே கையோடு மூத்திரப்பையின் கழுத்தையும் இறுக்குகிறது. ராத்திரி மாத்திரை தளர்த்திய இடத்தைச் சளி மாத்திரை இறுக்கியது. குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பை சுருங்கித் தள்ளும் பலத்தைக் குறைத்தது. இரண்டும் எனக்குத் தெரிந்த பாடம்தான். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும், நான்தானே விற்றேன். கல்லாவில் கூட்டம் இருந்தது, யோசிக்கவில்லை. மறுவாரம் டியூபோடும் பையோடும் ஆட்டோவில் வந்து இறங்கிய சார்வாள் என்னைத் திட்டவில்லை. “சளி மாத்திரைக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து, அறுபது தாண்டியவர் சளி மாத்திரை கேட்டால், ஒண்ணுக்குப் போக மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று சத்தமாகவே கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

மாத்திரை இவ்வளவு தொந்தரவு என்றால் கஷாயமே போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இதே நம்பிக்கையோடு விற்கும் ஸா பால்மெட்டோ என்ற மூலிகையை 2006இல் 225 ஆண்களிடமும், 2011இல் 369 ஆண்களிடமும் சோதித்தார்கள். வெறும் மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. நெருஞ்சில் கஷாயம் குடிப்பவர் குடிக்கட்டும். டாக்டர் எழுதியதைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்டுக் குடிக்க வேண்டாம், குடிப்பதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

கடைசியாக வருவது காசு. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பஸ் செலவு, கூட வர ஒரு ஆள், அரை நாள் காத்திருப்பு. பென்ஷனில் காலம் தள்ளுகிறவருக்கு அது பெரிய தொகை. ஆனால் மாதாமாதம் வரச் சொல்லவில்லையே. நிலையாக இருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை. மூத்திரப்பையில் எவ்வளவு மிச்சம், சிறுநீரகம் எப்படி, படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிரஷர் எவ்வளவு, இந்த மருந்து இன்னும் தேவையா என்று பார்த்துவிடுவார்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் செலவை நினைத்தால் இது செலவே இல்லை. எங்கள் தொழிலுக்கும் சட்டம் இருக்கிறது. டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தை, மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தாலொழிய ஒரு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. அந்த விதியை நாங்கள் மதிக்கவில்லை, கேட்பவர்களும் மதிக்க விடவில்லை.

வீட்டில் வயதான ஆண் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து, அட்டைகளில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வருடத்திலிருந்து, எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவரை வெட்கப்படுத்தாமல் கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் இறங்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சட்டைப்பையில் அந்தப் பழைய சீட்டு இருந்த இடத்தில் இந்தத் தாளை வையுங்கள். கண் டாக்டரோ, பல் டாக்டரோ, சளிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரரோ, யாராக இருந்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், முதலில் அதை எடுத்து நீட்டச் சொல்லுங்கள்.